கொம்பு அண்ணன் செய்த சத்தியம்

ஒரு தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரையும் ஒரே விரலால் ஆட்டிவைத்த மனிதர், நானறிந்து கொம்பு அண்ணன் ஒருவர்தான். தோட்ட மேனேஜரான பெரிய தொரையால்கூட அது முடிந்ததில்லை. தொரை கத்தினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். கொம்பு அண்ணன் விரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். தோட்டமே வேலையைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் கணவர் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி. அதாவது, தொரை சொல்வதை டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, அதற்காக ஜனங்களிடம் திட்டு வாங்கும் உத்தியோகம். கொம்பு அண்ணனுக்கு அப்போது அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் டிரைவர் அண்ணன். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்தார். சிரம்பானுக்குப் போகவேண்டிய நோயாளி, மாப்பிள்ளை, பிணக்குப் பட்ட சம்பந்தி எல்லாருக்கும் அதுதான் ரதம்.

அந்தக் காரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஹார்னைத் தவிர. அமுக்கினால் எலி வாலை மிதித்த மாதிரி ஒரு கீச். அவ்வளவுதான்.

தோட்டத்து எல்லையில் ஒரு முனியாண்டி கோயில். எந்த வண்டியாக இருந்தாலும் முனியாண்டிக்கு ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டுத்தான் தாண்டும். டிரைவர்களின் கும்பிடு அது. அண்ணனும் தன் பங்குக்கு ஒரு கீச் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார்.

"சாமிக்குக் கேட்டிருக்குமா டீச்சரம்மா?"

"சாமிக்குக் கேக்காதது ஒண்ணு இருக்காண்ணே?"

"சாமிக்குக் கேட்டுரும். பாலாக் லோரிக்காரனுக்குல்ல கேக்கணும்."

பாலாக் லோரி என்றால் காட்டு மரம் ஏற்றி வரும் லோரி. எங்கள் தோட்டத்திலிருந்து சிரம்பான் போக ஒரு மலையைத் தாண்டவேண்டும். பாதை முழுக்க வளைவு. எதிரே வருவது தெரியாது. ஹார்னை நம்பித்தான் வண்டி ஓட்டமுடியும். "பிரேக்கு நமக்கு, ஆரன் அடுத்தவனுக்கு" என்பது அண்ணனின் வேதம். வேதம் சரியாகத்தான் இருந்தது, ஆரன்தான் சரியில்லை.

எனக்கு ஐந்தாம் மாதம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நானும் கணவரும் அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மலையில் ஒரு வளைவில் அண்ணன் கீச் கொடுத்தார். பதில் இல்லை. திரும்பினால், ஒரு பாலாக் லோரி எங்கள் பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு ஏறி வருகிறது. அண்ணன் காரை ஓரத்துப் புல்லில் இறக்கினார். என் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், தரை இல்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது. லோரி அண்ணன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் தட்டிக்கொண்டுபோய்விட்டது. நின்றுகூடப் பார்க்கவில்லை. எங்கள் சத்தம் அவனுக்குக் கேட்டிருந்தால்தானே நிற்பதற்கு.

வீடு வரும்வரை அண்ணன் காரை ஊர்ந்தபடியே ஓட்டினார். நான் இறங்கியதும் சொன்னார்: "டீச்சரம்மா, பிரசவத்துக்கு நாந்தான் ஒங்கள கொண்டுபோவேன். ஆனா இந்த ஆரன வச்சிக்கிட்டு ஒங்கள ஏத்தமாட்டேன்."

அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. சிரம்பான் பக்கம் தெமியாங்கில் இருந்த ஸ்பேர் பார்ட் கடைக்குப் போனார். கடைக்காரர் காட்டிய ஹார்ன் ஒவ்வொன்றையும் கடை வாசலிலேயே ஊதிப் பார்த்து, "இது கல்யாண காடிக்குச் சரி" என்று தள்ளிவிட்டார். காடி என்றால் எங்கள் பக்கம் கார். கடைசியில், உடைத்துப் போட்டிருந்த ஒரு பெரிய லோரியின் பித்தளைக் குழல் ஹார்னையும், அதற்குக் காற்றடிக்கும் சின்ன பம்பு ஒன்றையும் துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

லோரி ஹார்ன் காரில் எப்படி உட்காரும்? உட்காரவில்லை. பானெட் மூடவில்லை. முன்பக்கக் கம்பிவலையில் ஓட்டை போட்டுக் குழலை வெளியே விட்டார். பழைய வயரிலேயே இணைத்து அமுக்கிப் பார்த்தபோது ஸ்டீயரிங்கிலிருந்து சத்தத்துக்குப் பதில் புகை வந்தது. பிறகு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே வைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தனியாக ஒரு சுவிட்சும் வைத்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போன என் கணவர் திரும்பிவந்து சொன்னார்: "அந்த ஆரன் அமுக்கினா ஹெட்லைட் மங்குது. காடி ஆரன ஓட்டுதா, ஆரன் காடிய ஓட்டுதான்னு தெரியல."

ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. நான் வகுப்பில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைப்பக்கம் காரை நிறுத்தி, முதன்முதலாக முழுக்காற்றில் அமுக்கினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிவிட்டு, வருவார்கள். கோப்பையில் பால் வடிந்து நிறைவதற்கு நேரம் வேண்டும். பத்தரை மணிவாக்கில் பால் ஸ்டோர் மேட்டில் நின்று, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பித்தளைக் கொம்பை ஊதுவார். கொம்புச் சத்தம் கேட்டால் பால் எடுக்கவேண்டும். கையில் கடிகாரம் கட்டியிருப்பவர்கள்கூட அதைப் பார்க்கமாட்டார்கள். கொம்பு சொன்னால் சொன்னதுதான்.

அண்ணனின் ஹார்ன் அச்சு அசலாக அந்தக் கொம்பு. ஒரே வித்தியாசம், மண்டோருக்கு மூச்சு வாங்கும், இதற்கு வாங்காது.

ஒரு நிரை மரம் விடாமல் எல்லாரும் பால் எடுத்துவிட்டார்கள். இன்னும் சொட்டிக்கொண்டிருந்த மரங்களிடமிருந்து கோப்பையைப் பிடுங்கி வாளியில் கவிழ்த்து, தோளில் வைத்த காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசை பிடித்தார்கள். மண்டோர் அப்போதுதான் பசியாறிக்கொண்டிருந்தார். வரிசையைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய தன் கொம்பைப் பார்த்தார், கொம்பை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். வாளிகளில் பாதிப் பால்கூட இல்லை. மீதி எல்லாம் தோட்டம் முழுக்கத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று முதல் டிரைவர் அண்ணன் கொம்பு அண்ணன் ஆனார்.

தொரையின் கடிதத்தை என் கணவர் டைப் அடித்தார், அதை என் கணவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஹார்னைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் கார் தோட்டத்துக்குள் இருக்கக்கூடாது.

"கழட்ட மாட்டேன் கிராணியாரே. ஒங்க வீட்டு அம்மாவுக்காகத்தான் மாட்டுனேன்."

"அண்ணே, என் வேலைக்கு ஒல வச்சிராதீங்க."

இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. முனியாண்டி முன்னால் கற்பூரம் அணைத்து அண்ணன் சத்தியம் செய்தார்: கோயிலுக்கு இந்தப் பக்கம் உள்ள தோட்டத்து மண்ணில் அந்த ஹார்ன் ஒலிக்காது. சாட்சி மண்டோர். தொரை ஒத்துக்கொண்டது சாமி மேல் இருந்த பக்தியால் அல்ல, இன்னொரு கடிதம் சொல்லச் சோம்பல்பட்டுத்தான் என்பது என் கணவரின் கட்சி.

அதன் பிறகு தோட்டத்துக்குள் அண்ணன் வாயாலேயே ஹார்ன் அடித்தார். ஜன்னலில் தலையை நீட்டி, "பாம், பாம், ஓரம் போ லா" என்பார். கோழிகள் நகர்ந்தன. மாடுகள் நகரவில்லை.

எனக்குச் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தோட்டத்து வேன் சுவா என்ற ஊர்ப்பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போயிருந்தது. கணவர் செருப்பில்லாமல் ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தார். பின்சீட்டில் என்னைச் சாய்த்துவைத்தார்கள். முதல் குழந்தை மெதுவாகத்தான் வரும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். என் குழந்தையிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தோட்டத்துச் செம்மண் பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர், உர மூட்டை ஏற்றிக்கொண்டு நடுவாந்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் தலையை நீட்டிக் கத்தினார். "பாம், பாம்." டிராக்டர் சத்தத்தில் அது எங்கே கேட்கும். எனக்கு வலி முதுகைப் பிளந்தது. என் கணவர், அந்தக் கடிதத்தை டைப் அடித்த அதே மனிதர், அண்ணன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அண்ணே, அமுக்குங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"தொரைக்குச் சொல்லிருவீங்க. முனியாண்டிக்கு யாரு சொல்றது? புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுச் சத்தியத்த மீறச் சொல்றீங்களா?"

நான் கத்திய கத்தலில் அண்ணனின் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தது. ஆனால் சுவிட்சுக்குப் போகவில்லை. கணவர் கதவைத் திறந்து குதித்தார். வெறுங்காலோடு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, டிராக்டரை எட்டிப் பிடித்து, டிரைவர் முதுகில் ஒரு அறை அறைந்தார். டிராக்டர் ஒதுங்கியது. கிராணி ஓடியதை அந்தத் தோட்டம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முனியாண்டி கோயிலைத் தாண்டிச் சக்கரம் தார்ச்சாலையில் ஏறியதும் அண்ணன் அமுக்கினார். கார் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. எல்லையோர நிரைகளில் இருந்தவர்கள் அன்றைக்கும் வாளியைத் தூக்கிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மலையில் ஏறினால் பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் அமுக்குவார், ஹெட்லைட் மங்கும், என்ஜின் திணறும், விட்டதும் மறுபடி உயிர் வரும். முன்பு லோரி எங்களைத் தள்ளிய அந்த வளைவு எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அது வந்தது. மேலே எங்கேயோ லோரி கியர் மாற்றும் சத்தமும் வந்தது. அண்ணன் அமுக்கினார். இந்தத் தடவை பம்பு முனகியது, குழல் பாதிச் சத்தத்தில் இழுத்தது. பேட்டரி சோர்ந்துவிட்டது.

"வெளிச்சமா, சத்தமா?" என்றார் அண்ணன். எங்களைக் கேட்கவில்லை, தனக்குத்தானே. பிறகு ஹெட்லைட்டை அணைத்தார்.

வெள்ளைப் பனிக்குள் குருடாக நாங்கள் நிற்க, அந்தக் கொம்பு மட்டும் முழுத்தொண்டையில் ஊதியது. அண்ணன் விரலை எடுக்கவேயில்லை. நான் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். மேலே பிரேக் கிறீச்சிட்டது. லோரி பிரேக்கின் காற்று நெடுநேரம் சீறியது. பிறகு ஒன்றும் இல்லை.

அண்ணன் மெல்லக் காரை நகர்த்தினார். வளைவுக்கு அப்பால் ஒரு பாலாக் லோரி, சாலை ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றது. டிரைவர் இறங்கிக் கையை இடுப்பில் வைத்து நின்றார். எங்கள் சின்னக் காரைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பார்த்தார். இன்னும் பின்னால் பார்த்தார்.

"லோரி மானா?" என்றார். லோரி எங்கே என்று மலாயில் கேட்கிறார்.

"இனி லா," என்று அண்ணன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். இதுதான் லோரி. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்துக் கால் மணி நேரத்துக்குள் மகள் பிறந்துவிட்டாள். மலையில் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸ் சொல்ல ஆரம்பித்தார். கேட்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்காம் நாள் எங்களைக் கூட்டிப்போக அண்ணன் வந்தார். காரின் முன்பக்கத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. குழலைக் காணோம்.

"எங்கண்ணே ஆரன்?"

"கழட்டிட்டேன். பழச மாட்டியிருக்கேன். பச்சப்புள்ள காதுக்கு அந்தச் சத்தம் ஆவாது."

"பாலாக் லோரி வந்தா?"

"நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றால், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் காரை ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வளைவு வரைக்கும் நடந்தார். எட்டிப் பார்த்தார். காதில் கை வைத்துக் கேட்டார். பிறகு ஓட்டமாகத் திரும்பிவந்து, காரை எடுத்து, அந்த ஒரு வளைவைத் தாண்டினார். அடுத்த வளைவில் மறுபடி இறங்கினார். மலை முழுக்க இப்படி.

"அண்ணே, இந்த மாதிரி போனா புள்ளைய நேரா பள்ளிக்கூடத்துலதான் எறக்கணும்," என்றார் என் கணவர்.

அண்ணன் உதட்டில் விரலை வைத்தார். அந்தத் தோட்டத்தையே கிளப்பிய விரல்.

பொழுது சாயும் நேரத்தில் முனியாண்டி கோயிலுக்கு வந்தோம். பழைய கீச்சையாவது கொடுப்பார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, சாமிக்கு ரொம்பக் கிட்டே போய் நின்று, கையைக் கூப்பிக்கொண்டு, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்.

"சாமி, இன்னிக்கு ஆரன் இல்ல. உள்ள புள்ள தூங்குது."

முனியாண்டிக்குக் கேட்டதோ இல்லையோ, காருக்குள் எனக்குக் கேட்டது. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.