மைதீன் பாய் மனையில் எங்கள் வாஸ்து

"தங்கள் மனையின் வடமேற்கு மூலையில் உரிய அனுமதி பெறாமல் கட்டடப் பணி தொடங்கப்பட்டிருப்பது நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளது. ஆகவே தங்கள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது."

நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் இந்தக் கடிதம் எனக்கு வந்ததல்ல. தேதி முத்திரையில் நாள் மையில் மூழ்கிவிட்டது. மாதமும் வருஷமும் மட்டும் தெரிகின்றன: நவம்பர் 1994. வந்தது எங்கள் மனைக்குக் கிழக்கே மனை வாங்கியிருந்த மைதீன் பாய்க்கு. அதில் சொல்லியிருக்கும் கட்டடப் பணியைத் தொடங்கியவன் நான்.

எப்போது என்று கேட்டால் எதையும் சொல்லிவிடுவேன். எங்கே என்று கேட்டால்தான் தடுமாற்றம். பள்ளியில் எனக்குச் சரித்திர வகுப்பைக் கொடுத்துவிட்டு பூகோளத்தை வேறொருவரிடம் கொடுத்த தலைமையாசிரியர் விவரமானவர். (அவர் என்னை நம்பி ஒருமுறை சுற்றுலா வந்தவர். அது தனிக் கதை.) அப்படிப்பட்டவன், பாளையங்கோட்டைக்கு வெளியே உடைமுள் மண்டிய புது மனைப்பிரிவில் ஒரு மனை வாங்கியதோடு, எல்லை பார்ப்பதற்கென்று ஒரு திசைகாட்டியும் வாங்கினேன். பந்தியில் இலையைக்கூட "மேக்க தள்ளிப் போடு" என்று சொல்லும் ஊரில், திசைகாட்டியோடு அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவசரம் அப்பாவால் வந்தது. அவர் விக்கிரமசிங்கபுரத்தில் நூலாலையில் வேலை பார்த்தார். மறு வருஷம் ஆனியில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். நானும் மனைவி ஈஸ்வரியும் இருந்த வாடகை வீட்டில் மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் நின்றுகொண்டே தூங்க வேண்டியிருக்கும். வங்கியோ, வரைபடத்துக்கு அனுமதி வாங்கி வந்தால்தான் கடனில் முதல் பைசாவைக் கொடுப்போம் என்றது. புரட்டாசியில் விண்ணப்பம் கொடுத்தேன். ஐப்பசி வாஸ்து நாள் வந்துவிட்டது, அனுமதி வரவில்லை.

அனுமதிக்கு முன் மண்ணைத் தொடக்கூடாது என்று மனுக் கொடுத்த அலுவலகத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"அவன் சொல்லுதது வீட்டுக்குத் தோண்டுத குழி. இது சாமிக்குத் தோண்டுத குழி. தாளு எப்ப வேணா வரும்லே. வாஸ்து நாளு நமக்காவ நிக்குமா?"

நாள் என்று சொல்லிவிட்டால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. எல்லோரும் போனோம். ஐயர் ஈசான மூலை எது என்று கேட்டார். வடகிழக்கு மூலையை நான் திசைகாட்டி வைத்து, வரைபடத்தை விரித்து, எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துக் காட்டினேன். கல் சரியான கல்தான். அதில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. மேற்குப் பக்கம் முள்ளாகக் கிடந்தது. கிழக்குப் பக்கம் யாரோ முள்ளை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வீட்டு வேலைக்குப் பேசி வைத்திருந்த கொத்தனார்தான் முன்கூட்டியே வந்து சுத்தம் செய்திருக்கிறார் என்று நான் நெகிழ்ந்துபோனேன். கொத்தனாரோ, நான் ஆள் வைத்துச் செய்ததாக நினைத்துக்கொண்டார். சுத்தமான பக்கத்தில் குழி தோண்டி, செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றி, நவதானியம் தூவி, பொங்கல் சாப்பிட்டுக் கலைந்தோம்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் விசாரித்தபோது, ஆய்வாளர் பார்த்துவிட்டு வந்துவிட்டார், உங்கள் மனை காலியாக இருக்கிறது என்றார் எழுத்தர். சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்குக் கலக்கமாகிவிட்டது. மஞ்சள் பூசிய செங்கல் எங்கே போயிற்று? வீட்டில் சொன்னேன். திருட்டுப் போயிருக்கும் என்றாள் ஈஸ்வரி. குழியையுமா என்று கேட்டேன்.

பதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்குப்பையோடு வந்தது. மேலப்பாளையத்தில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் மைதீன் பாய், பத்திரத்தில் பக்கத்து மனைக்காரர் பெயரைப் பார்த்து விசாரித்து வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மருமகன் திரும்புவதற்குள் மகளுக்கு வீட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று, முள்ளை வெட்டி மனையைச் சுத்தம் செய்துவிட்டு அவரும் விண்ணப்பித்திருக்கிறார். கடிதத்தை என்னிடம் நீட்டினார். பிறகு சாக்கிலிருந்து மஞ்சள் மாறாத செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"என் மனையில யாரோ வீடு கட்ட ஆரம்பிச்சிருக்காவ தம்பி. எனக்கு மட்டுந்தான் தெரியல. கடைசிக்கு நானே மஞ்சள் குங்குமம் வச்சேன்னு கவர்மெண்டே கடுதாசி போட்டுட்டு."

நான் திசைகாட்டியை எடுத்து வந்து விளக்க ஆரம்பித்தேன். ஈஸ்வரி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாயும் நானும் மறுநாள் அலுவலகம் போனோம். ஆய்வாளர் ராதாபுரத்துப் பக்கத்துக்காரர், சாது. நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. என் முகத்தில் இருந்த அதே குழப்பம் அவருக்கும் வந்தது.

"வாத்தியாரே, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இது வீட்டு வேலையா, சாமி காரியமா?"

அப்பாவின் விளக்கம் நினைவுக்கு வர, சாமி காரியம் என்றேன்.

"அப்ப வழிபாட்டு எடம். அதுக்கு கலெக்டர் அனுமதி வேணுமே."

உடனே வீட்டு வேலை என்று மாற்றினேன். அப்படியானால் அனுமதியில்லாத பணி, அதிலும் அடுத்தவர் மனையில். உங்கள் விண்ணப்பத்தையும் நிறுத்த வேண்டியதுதான் என்றார். அதுவரை ஒரு விண்ணப்பம்தான் நின்றிருந்தது. நான் போய்ப் பேசி இரண்டாக்கினேன்.

பாய்தான் பொறுமையாக, நேரில் வந்து ஒருதரம் பாருங்கள், குழியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று அவரை அழைத்து வந்தார். அப்பாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். அதற்குள் ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. குழியில் நெல்லும் உளுந்தும் கொள்ளும் எள்ளும் பச்சைப் பசேலென்று தள்ளிக்கொண்டு நின்றன. ஆய்வாளர் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பயிர் ஏறியிருக்கே. இத எழுதுனா வெள்ளாமை நிலமாயிருமே. வீட்டு மனையாவே எடுத்துக்கிட மாட்டாவளே."

"நான் துண்டு விக்கிதவன் சார்," என்றார் பாய். "ஒரு வாரத்துல என்னைய வெள்ளாமை பாக்குத சம்சாரி ஆக்கிட்டிய."

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நான் குனிந்தேன். வாஸ்துப் பயிரைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பாயைப் பார்த்தேன். சாமிக்குப் போட்ட தானியம், நான் கை வைக்க மாட்டேன் என்று அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆய்வாளரைப் பார்த்தேன். ஆய்வுக்கு வந்தவர் ஆய்வுப் பொருளைத் தொடக்கூடாதாம். ஒரு சாண் உயரப் பயிரைச் சுற்றி நான்கு ஆண்பிள்ளைகள், தொடுவதற்கு ஆள் இல்லாமல் நின்றோம். தூறல் போட்டது.

வண்டியை எடுக்கும்போது ஆய்வாளர், திங்கட்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஆடு ஒண்ணும் மேயாதோ?"

எனக்கு அது பொது அறிவுக் கேள்வியாகத்தான் பட்டது. (மேயும் சார், கன்னி இனக் கருப்பாடு அதிகம் என்று பதில்கூடச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா முறைத்தார்.)

திங்கட்கிழமை போனபோது குழியில் ஒரு பச்சை இல்லை. ஒரு கருப்பு ஆடு அதற்குள் வசதியாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஆட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "காலி மனை" என்று எழுதினார். இரண்டு பேர் விண்ணப்பத்திலும்.

மார்கழிக்கு முன் அனுமதி வந்தது. பாய் உடனே வேலையைத் தொடங்க, மருமகன் முதல் கல்லை வைத்துவிட்டு விமானம் ஏறினார். நாங்கள் தை வாஸ்து நாளில் மறுபடி பூஜை போட்டோம். அன்றைக்குப் பாயும் வந்திருந்தார். ஐயர் ஈசான மூலையைக் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் கல்லுக்கு மேற்கே போய் நின்றுகொண்டு, "இங்கன தம்பி, இங்கன," என்று காலால் தட்டிக் காட்டினார். ஆனியில் அப்பா குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, கதவு போடாத எங்கள் புது வீட்டுக்குப் பழைய வீட்டுப் பூட்டோடு வந்து சேர்ந்தார்.

வீடு கட்டிய பிறகு எங்கள் வடகிழக்கு மூலையில் போர் போட்டோம். புகை மாதிரிப் பாறைத் தூள்தான் வந்தது. பாய் அந்தப் பழைய குழி இருந்த இடத்திலேயே போட்டார். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. சுவருக்கு மேலாக எங்களுக்கும் ஒரு குழாய் போட்டுக்கொடுத்தார். இன்றும் அந்தத் தண்ணீர்தான். வீட்டில் எது பழுதானாலும், யாருக்குத் தலைவலி வந்தாலும், ஈஸ்வரி விருந்தாளிகளிடம் சொல்லுவாள்: "எங்க வாஸ்து அங்கன இருக்கு. நாங்க இங்கன சும்மா குடியிருக்கோம்."

ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஆட்டின் கழுத்தில் கயிறு இருந்தது. மறுமுனை எல்லைக்கல்லில் கட்டியிருந்தது. பாயிடம் கேட்டால், ஆடு வளர்க்கிற ராதாபுரத்துப் பக்கத்து ஆய்வாளருக்குத் தெரியாத ஆடா என்கிறார். ஓய்வு பெற்ற ஆய்வாளரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, உங்கள் பாயைக் கேளுங்கள் என்றார். அப்பா கடைசிவரை பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். கயிற்றைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டுத் துணிக்கொடி அந்த வாரம் குட்டையாகிப் போயிருந்ததாக எனக்கு ஒரு ஞாபகம். ஈஸ்வரி இல்லை என்கிறாள். ஆட்டை அங்கே கட்டியது யார் என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.