எலும்புக்கு மரியாதை கொடுத்தவர்

ஐம்பதுகளில் இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிமிர்ந்து நடந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது 'நடந்துகாட்டு'வின் கையில் சிக்கி அலறியவர்கள்தான். நான் உட்பட. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. வருகிறவர்களையெல்லாம் "எங்க, நடந்து காட்டு!" என்று அதட்டியதால் அதுவே பெயராகிவிட்டது.

அவர் வைத்தியம் படித்தவரில்லை. தோட்ட மேனேஜராக இருந்த பழைய துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர். துரை மோட்டார் சைக்கிள் வாங்கியதும் குதிரை போய்விட்டது, மனிதர்கள் மாட்டிக்கொண்டோம். சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு என்று தோட்ட ஆஸ்பத்திரியின் தண்ணி மருந்தைக் குடித்து அலுத்தவர்கள் அவரிடம் போவார்கள்.

போனால் என்ன நடக்கும்? முதலில், எங்கே வலி என்று சொல்லவே விடமாட்டார். எங்கள் வரிசைவீட்டு லயத்து வாசலில் இருபது எட்டு வைத்து நடந்துகாட்ட வேண்டும். லயமே வெளியே வந்து வேடிக்கை பார்க்கும். பிறகு பலகையில் குப்புறப் போட்டு, எலும்போடு பேசுவார். மரியாதையெல்லாம் எலும்புக்குத்தான், அதன் சொந்தக்காரருக்குக் கிடையாது.

"என்னங்க, ஏன் இப்பிடி ஒதுங்கி இருக்கீங்க? கொஞ்சம் உள்ள வாங்க" என்று ஒருநாள் என் தோள்மூட்டிடம் கெஞ்சினார்.

"மழையில வழுக்கி விழுந்து..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"ஒங்கிட்ட யாருடா கேட்டா?"

நடுவில் சம்பந்தமில்லாமல், "நேத்து என்ன கறி?" என்பார். நாம் யோசிக்கிற நொடியில் மடக்கென்று ஒரு சத்தம். வேலை முடிந்தது. "ரெண்டு நாளைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். என்னையத் திட்டிக்கிட்டே கெட" என்று அனுப்பிவிடுவார்.

இந்த வித்தை ஊருக்கே தெரியும். மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா இடுப்புப் பிடிப்போடு வந்தவர், படுக்கும்போதே உஷாராகச் சொன்னார்: "இந்தா பாரு, கறிக்கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

"கேக்கலைங்கய்யா. ஆமா, ஐயாவுக்கு மாத்தல் வந்திருக்காமே?"

"எந்தத் தோட்டத்துக்கு?"

மடக்.

இடுப்பு அன்றைக்கே சரியாகிவிட்டது. மாற்றல் பயம்தான் ஆறு மாதம் போகவில்லை.

இதற்கெல்லாம் சிரித்த நான், அக்காவின் கழுத்து ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டபோது சிரிக்கவில்லை. அம்மா இறந்து நாலு மாதம். தேயிலை ஸ்டோரில் வேலைக்கு என் பேரை இன்னும் பதியவில்லை. அக்காவின் பேரில்தான் நாங்கள் குடியிருந்த லயக் காம்பரா இருந்தது. நாளைக்கும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். காலையில் பெரட்டில் நிற்காவிட்டால் காம்பராவும் போய்விடும்.

நடந்துகாட்டு அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு, "கூடைய மாட்டிக்கிட்டு நட" என்றார். தலையில் கயிற்றைப் போட்டு, முதுகில் கூடையோடு நடந்தாள்.

"இந்தக் கயிறு யாரு கட்டுனது?"

"அம்மாங்க."

"அம்மா குட்டையோ?"

"ஆமாங்க."

அம்மா போனபிறகு அக்கா எடுத்துக்கொண்ட கூடை; அம்மாவின் உயரத்துக்குக் கட்டிய கயிறு. நெட்டையான அக்காவுக்குக் கூடை மேலே ஏறிக் கழுத்தை நெருக்கியிருக்கிறது. நாலு மாதமாக எங்கள் கண்ணுக்குப் படாதது அவருக்கு இருபது எட்டில் தெரிந்துவிட்டது.

"முடிச்ச அவுத்து நீட்டிக் கட்டு" என்றார்.

"மாட்டேங்க. அது எங்கம்மா போட்ட முடிச்சு. பேர வெட்டுனா வெட்டட்டும்" என்று அக்கா அழுதாள்.

அவரை எதிர்த்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவரோ உள்ளே போய், பழைய குதிரைக் கயிறு ஒன்றை எடுத்துவந்தார். அம்மாவின் முடிச்சை அவிழ்க்காமல், கூடையின் மறுபக்கத்தில் அதை ஒட்டுப்போட்டுக் கயிற்றை நீட்டும்போது அந்த முடிச்சு குறுக்கே வந்தது.

"கொஞ்சம் நகருங்கம்மா" என்றார், முடிச்சைப் பார்த்து.

பிறகு அக்காவின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கேள்வியும் இல்லை, சத்தமும் இல்லை. கழுத்து தானாக இளகியது.

மறுநாள் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டார். அக்கா அவர் பக்கம் தலையைத் திருப்பி, "இருக்கேங்க" என்றாள்.

அன்றைக்கே போய் அந்தக் கைகளைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவர் முன்னால் எனக்கு எப்போதும் பேச்சு வராது. அதனால் இப்போது எழுதுகிறேன்: ஐயா, வேலையை விட்டு நிற்கும்வரை அக்கா அந்தக் கயிற்றில்தான் கொழுந்து சுமந்தாள். முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.