முதல் வரிசை நாற்காலி

"இந்த டிஸ்க் இந்தப் பிரதேசத்தில் இயங்காது" என்று டிவி மூன்றாவது முறையாகக் கைவிரித்தபோது மணி நாலு.

ஐந்து மணிக்கு மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவாள். கல்யாண டிஸ்க்கோடு ஒரு சீட்டும் அனுப்பியிருந்தாள். "ஒரே ஒரு தடவை பாருங்கப்பா. அதுக்கப்புறமும் கோபம் தீரலைன்னா, இனிமே நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

ஓய்வுபெற்ற பரிசோதகருக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை. முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பார்த்தவர். அடுத்தவர் சீட்டில் அசந்து தூங்குகிறவர்களை உலுக்கி எழுப்பியே பேர் வாங்கியவர். தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாளே என்று முறுக்கிக்கொண்டு, பெற்ற மகளின் கல்யாணத்துக்கே போகவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

டிவி மெக்கானிக்குக்கு போன் போட்டார். அவர் சொன்ன எண்களை ரிமோட்டில் தட்டியதும் படம் வந்தது. வந்த படம் நிற்கவில்லை. கறுப்பு வெள்ளையில் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் கால் மேலேயும் தலை கீழேயும் போயின.

"நல்லா வேணும்" என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

அப்போதுதான் முதல் வரிசை கண்ணில் பட்டது. பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில் யாரோ ஒரு ஆள்.

"எவன்டா அது, என் சீட்டுல?"

டிவியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஓட்டம் நின்றது, ஆனால் எல்லோர் முகமும் பச்சையாகிவிட்டது. பச்சை மாப்பிள்ளை சிரித்தார். பச்சை விருந்தாளிகள் கை தட்டினார்கள். அந்த ஆள் மட்டும் அசையவில்லை. கண்கூட இமைக்காமல் நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிசோதகர் மறுபடி போனை எடுத்தார். மெக்கானிக்கை நேரிலேயே வரச் சொன்னார்.

"வெளிநாட்டு சிஸ்டம் சார். அது பேசறது நம்ம டிவிக்குப் புரியாது" என்றபடி மெக்கானிக் டிஸ்க் பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினார். "இது மொழிபெயர்த்துச் சொல்லும்."

"அதெல்லாம் கிடக்கட்டும்யா. அந்த ஆளு மூஞ்சி தெரியணும்."

நிறம் வந்தது. முகமும் வந்தது. அதே வழுக்கை. அதே கண்ணாடி. ஓய்வுபெற்ற அன்று அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை.

மெக்கானிக் டிவியைப் பார்த்தார், பரிசோதகரைப் பார்த்தார். "கல்யாணத்துல நல்லாத்தான் இருக்கீங்க சார். கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

"யோவ், நான் போகவே இல்லைய்யா!"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை மெல்லக் கீழே வைத்தார்.

உள்ளறையில் போன் மணி அடித்தது. பரிசோதகர் ஓடிப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எடுத்தார்.

"அப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. அங்க... என் நாற்காலியில..."

மகள் சிரித்தாள், சிரிப்பிலேயே குரல் உடைந்தது. "அது அட்டைப்பா! நீங்க ரிடையர் ஆன அன்னைக்கு உட்கார்ந்து எடுத்த போட்டோவைப் பெருசாக்கி, வெட்டி வெச்சேன். எத்தனையோ பேர் அங்க உட்கார வந்தாங்க. ஒருத்தரையும் விடலையே! நான் உங்க பொண்ணாச்சே."

ஒரு வருடத்து வீம்பு ஒரு நொடியில் கரைந்து போனது. பரிசோதகர் எழுந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, இடது சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதும்மா. அடுத்த மாசமே புறப்பட்டு வரேன்."

அவர் சிரித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தபோது, மெக்கானிக் டிவிக்கு எதிர்ச்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்.

"பயப்படாதய்யா! அது வெறும் அட்டை."

"அட்டையா சார்? இப்பத்தானே எந்திரிச்சு நின்னு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இடது சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுது!"