நிறுத்தம் இல்லாத இடத்தில்

“கட்டுரை நல்லாத்தான் இருக்கு. ஆனா டிரைவர் பேரு எங்கங்க?”

பாறைக்கொல்லையில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையின் உச்சியில்தான். அதன்மேல் நின்றுகொண்டு கல்பனா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். பேசியவர் ராஜ்குமார், சென்னையில் ஒரு மாத இதழின் உதவி ஆசிரியர்.

எம்.ஏ. தமிழ் முடித்து இரண்டு வருடங்களாக அவள் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புகிறாள். பதினோரு கட்டுரைகளுக்கு ஒரு பதிலும் இல்லை. பன்னிரண்டாவதற்குத்தான் இந்த போன். மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் காலை பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தாள். முறையான நிறுத்தம் மூன்று கிலோமீட்டர் கீழே. ஆனால் புளியும் சாமையும் சுமந்து வரும் பெண்களுக்காக, ஊர்ப்பாதை ரோட்டில் சேரும் வளைவிலேயே டிரைவர் நிறுத்துவார். ‘கருணையின் சக்கரங்கள்’ என்று தலைப்பு வைத்திருந்தாள்.

“பேரு தங்கவேலுங்க சார்.”

“சேத்துடறேன். டெப்போவுலயும் ஒரு வார்த்தை கேட்டு அவங்க கருத்தை வாங்கிடுங்க. ரெண்டு பக்கம் தர்றேன்.”

ரெண்டு பக்கம்! கல்பனா பாறையிலிருந்து இறங்கவே இல்லை. அங்கிருந்தே டெப்போவுக்குப் பேசினாள்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். “ஸ்டாப்பிங் இல்லாத எடத்துலயா நிறுத்தறாரு?”

“ஆமாங்க சார்.”

“எப்பனா ஒரு வாட்டியா?”

“தெனமுங்க சார். மூணு வருசமா ஒரு நாள்கூட நிறுத்தாம போனதில்ல.” பெருமையில் அவள் குரல் உயர்ந்தது.

“டிரைவர் பேரு?”

சொன்னாள். பஸ் நம்பரைக் கேட்காமலே சொன்னாள்.

“நல்ல தகவல்மா” என்றார் மேலாளர். அதையே அவருடைய கருத்தாகக் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. நிற்கவில்லை. மூட்டைகளோடு நின்ற ஏழு பெண்களின்மேல் புழுதியை இறைத்துவிட்டுப் போயிற்று. ஓட்டியது வேறு ஆள்.

“இன்னாடி கல்பனா, தங்கவேலு எங்கடி?” என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்.

கல்பனா பாறைக்கு ஓடினாள்.

“அவருக்கு இனிமே மலை ரூட்டே கெடையாது” என்றார் மேலாளர். “எல்லாம் நீ குடுத்த தகவல்தாம்மா. தேங்க்ஸ்.”

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுதிக் கெடுத்ததை எழுதித்தானே சரிசெய்ய வேண்டும்? வளைவில் முறையான நிறுத்தம் கேட்டு ஒரு மனு எழுதினாள். அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினாள், பாதி கைநாட்டு.

மூன்றாம் வாரம் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். டேப் பிடித்து வளைவை அளந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“இங்கயா நிறுத்தினாரு? எதிர்ல ஒரு லாரி வந்தா அவ்ளோதானே!”

நான்காம் நாள் வளைவில் பலகை முளைத்தது: ‘இங்கு பேருந்து நிற்காது.’ ஊர்ப்பெயர்ப் பலகைகூட இல்லாத ஊருக்கு அரசாங்கம் வைத்த முதல் பலகை அதுதான்.

“படிச்ச பொண்ணுன்னு உன்ன நம்பினோம் பாரு” என்றாள் குப்பம்மாள்.

மறுநாள் பெண்கள் அந்தப் பலகையைப் பிடுங்கி ரோட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்கள். கோஷங்களைக் கல்பனாதான் எழுதிக் கொடுத்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை. அந்த வாரமே, பாதுகாப்பு கருதி, காலை பஸ் நடையையே ரத்து செய்துவிட்டார்கள்.

அதன்பிறகு குறுக்குப் பாதையில் அடிவாரம்வரை நடைதான். கல்பனாவின் அம்மா செந்தாமரையும் தலையில் புளிக்கூடையோடு இறங்கினாள். மழை பெய்த மறுநாள், பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கித் தொடையெலும்பு முறிந்தது. நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். அடிவாரத்தில் ஒரு பால் வண்டி கிடைத்தது. திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை செந்தாமரை கத்திக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரே ஒருமுறை மகளைப் பார்த்து, “நீ இன்னாமே எழுதின?” என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போன் அடித்தது. ராஜ்குமார்.

“பஸ் கட்டுரைய இந்த இதழ்லயே போட்டுடலாமா?”

“அந்த பஸ்ஸே இப்ப இல்லீங்க சார்.” எல்லாவற்றையும் சொன்னாள்.

“அடடா, கருணைன்னு தலைப்பு நிக்காதே” என்றார் ராஜ்குமார். பிறகு தயங்கியபடி, “அம்மாவைக் கட்டில்ல தூக்கினப்போ போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?” என்று கேட்டார்.

கல்பனா போனை வைத்துவிட்டாள். இரண்டு வருடங்களாக எந்தக் குரலுக்காகக் காத்திருந்தாளோ, அதைப் பாதியிலேயே துண்டித்தாள்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியிருந்தது. டவுன் பஸ் ஒன்றில் ஏறினாள். டிரைவர் சீட்டில் தங்கவேல் உட்கார்ந்திருந்தார்.

வேலை போய், பிள்ளைகள் பட்டினி கிடந்து, தன்னைச் சபித்துக்கொண்டிருக்கும் தங்கவேலையே இத்தனை நாளும் அவள் கற்பனை செய்துவைத்திருந்தாள்.

சிக்னலில் பஸ் நின்றதும் அருகில் போனாள்.

“அண்ணா, பாறைக்கொல்லை கல்பனாண்ணா. டெப்போவுக்குப் போன் பண்ணது நான்தான். உங்கள மலையிலருந்து மாத்தினது என்னாலதான். மன்னிச்சிடுங்கண்ணா.”

தங்கவேல் திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்பனா தலையைக் குனிந்து நின்றாள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அவளைக் கும்பிட்டார்.

“மலை ரூட்டுலருந்து எப்படியாவது தூக்கிடுவாங்கன்னுதாம்மா கண்ட எடத்துல நிறுத்திக்கினு இருந்தேன், மூணு வருசத்துல அந்த ஊருல ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் குடுக்கல, நீ ஒருத்திதாம்மா குடுத்த!”