பெரட்டு டிரசரும் கத்தரிச் செடிகளும்

பயத்தை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளில், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே டாக்டர் இல்லாத எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர் அவர். விடிகாலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். அவர் மனக்கவலைக்குப் பெரட்டு வைத்தார். அதனால் பெரட்டு டிரசர். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, படித்தவன்; ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை.

பால்வெட்டும் லெட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டிரசர் முதலில் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

“செத்துருவேன் ஐயா!”

“எத்தனாவது தடவ?”

“ஏழாவது.”

“ஆறு தடவையும் செத்தியா?”

“இல்லீங்களே.”

“அப்ப இந்தப் பயத்துக்கு இன்னிக்கு அரை நாள் வேலதான். அதக் கூட்டிக்கிட்டுப் போயி கத்தரிக்குத் தண்ணி ஊத்து லா.”

அரைமணியில் அவள் சிரித்தாள். வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆளுக்கொரு நோட்டு. வந்த பயம், கொடுத்த வேலை, கடைசியில் என்ன ஆனது என்று அவரவரே எழுத வேண்டும்; எழுதத் தெரியாதவர்கள் கோடு போடலாம். வாரம் பத்து நிமிடம் அதைப் பார்ப்பார். அவ்வளவுதான் வைத்தியம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கவலையெல்லாம் தண்ணீர் ஊற்றியதில் ஆஸ்பத்திரிக் கத்தரிக்காய் தேங்காய் அளவுக்குப் பருத்தது.

கிளப்பில் அவரைப் பற்றி அதிகம் சிரித்தவன் நான்தான். பின்வாசல் வழியாக அவரிடம் போனவனும் நான்தான். பெரட்டில் பெயர் கூப்பிடுவது என் வேலை; இருநூறு பேர் முன்னால் என் தொண்டை அடைத்துவிடும்.

“கடைசிப் பத்து பேர மட்டும் கூப்பிடுங்க கிராணியாரே. மத்தத வேல வாங்குற மண்டோர் பாக்கட்டும். அடுத்த வாரம் இருபது.”

சில மாதங்களில் இருநூறு பெயரையும் கூப்பிட்டேன். மழைக்காலத்தில் மறுபடி அடைத்தது. அவரிடம் ஓடினேன்.

“வரட்டும் லா, பழைய ஆளுதானே. பேரக் கூப்பிட்டு வேல குடுங்க.”

மருந்துக்குப் பதில் டிரசர் விளையாட்டுக் காட்டுகிறாராமே என்று தோட்டத்தை நிர்வகித்த துரை என்னை விசாரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த என் நோட்டும் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, “ஆமாம், சுத்தப் பைத்தியக்காரத்தனம்” என்றேன். ஒரே வாரத்தில் அவரைப் தொலைவில் பத்தாங் காலிப் பக்கத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்று, தாளில் சுற்றிய என் நோட்டை மேசையில் வைத்தார்.

“யாரும் பாக்கல. இனிமே நீங்களே கூப்பிட்டுக்கலாம்.”

நான் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கவும் தொண்டை அடைத்தது.

இன்றும் காலையில் என் மனக்கவலைகளுக்குப் பெரட்டு வைக்கிறேன். முதல் பெயர், துரையிடம் சொன்ன அந்தப் பொய். ஒருநாள்கூட அது வராமல் இருந்ததில்லை. வாசலில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அதற்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

நல்லாக் காய்க்குதுங்க, ஐயா.