தண்ணி புகாது

"இன்னும் ஒரு சொட்டு என் தலைமாட்டுல விழுந்தா, நீங்க வேற வீடு பாத்துக்கோங்க மாஸ்டர்."

கீழ்ப்படியில் நின்று வீட்டுக்காரம்மா இதைச் சொன்னதும், மேல்படியில் நின்றிருந்த மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே உயிரோடு வீடு திரும்புகிறவர். ஆபத்து எந்த ரூபத்தில் வந்தாலும் அந்தக் கால் பிரேக்கைத் தேடும். வீட்டுக்காரம்மாவின் வாய்க்கு மட்டும் அது பிடிப்பதில்லை.

"உங்க பாத்ரூம் சுவர்லேர்ந்துதான் இறங்குது. எங்க பெட்ரூம் சீலிங்ல இவ்ளோ பெரிசா ஈரம். அதுவும் சரியா என் தலைக்கு மேல. இவர் பக்கம் ஒரு துளி கிடையாது. ஹால்ல படுத்துப் படுத்து என் இடுப்பே போச்சு."

'இவர்' என்று சுட்டப்பட்ட வீட்டுக்காரய்யா, அந்த அம்மாளின் பின்னால் நின்று படியோரத் தொட்டிச் செடிகளுக்குக் கை ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவர் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. வாயில்லாப் பூச்சி. திட்டு முடிந்ததும் ஒரு சின்னக் குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிவந்து மாஸ்டர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார்.

"தங்கமான மனுஷன்," என்றாள் மாஸ்டரின் மனைவி. "அந்தம்மா திட்டினதுக்கு இவர் சமாதானம் சொல்றார்."

அவளுக்கு இந்த வீட்டை விட மனமில்லை. மகளின் பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியில். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை தெருமுனையில். முன்பிருந்த வீட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் போய்வந்த காலத்தில், மகள் தூங்கும்போதுதான் அவள் முகத்தையே பார்க்க முடிந்தது.

"சுவரை என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

மாஸ்டர், சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் பேனல் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு வெள்ளைப் பேனலை மேசையில் சாய்த்துவைத்து, குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே அதன் மேல் ஊற்றினார். டீ வழுக்கிக்கொண்டு ஓடியது. பேனலில் ஒரு கறை இல்லை. பிறகு மை ஊற்றினார். அதுவும் ஓடியது.

"இதுல தண்ணி புகாது சார். அழுக்கு புகாது. பூச்சி புகாது. எதுவுமே புகாது."

மாஸ்டர் பேனலைத் தடவிப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே சாம்பல் நிற நரம்புகள் மேகம் கலைவதுபோல் ஓடின. இத்தனை வருஷம் அழுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு குளித்த தன் வாழ்க்கையை நினைக்க அவருக்கே பாவமாக இருந்தது. விலையைச் சொன்னபோது கால் பிரேக்கை அழுத்தத்தான் செய்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை.

பேனல் ஒட்டுகிறவர் வந்து சுவரை விரலால் சுண்டிப் பார்த்தார். "பசை பிடிக்கணும்னா சுவர் நல்லா காயணும். அதுவரைக்கும் யாரும் இங்க குளிக்கக்கூடாது."

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்னு கேப்பாங்க," என்றாள் மனைவி. "சுவர் காயறதுக்காக நாம காயணுமா?"

காய்ந்தார்கள். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் குழாயடியில் குளித்தார். இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக அவரைப் பார்த்த ஒரு மாணவி அன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்க்கவே மறுத்துவிட்டாள். மனைவியும் மகளும் மனைவியின் அக்கா வீட்டுக்குத் துணிப்பையோடு போய் வந்தார்கள்.

அந்த வாரமும் கீழே சொட்டியது.

"நேத்து தலைகாணியே நனைஞ்சிருக்கு மாஸ்டர். வீட்டுல அருவியா விடறீங்க?"

நாங்கள் குளிப்பதே இல்லை என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். அதை ஒரு மனிதன் படிக்கட்டில் நின்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டார். அன்று மாலை வாசலில் இன்னொரு தொட்டி முளைத்திருந்தது.

ஒருவழியாகச் சுவர் காய்ந்தது. ஒரு பேனலின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்துக்குள் டிக்கென்று போய் உட்கார, மூலைகளில் சிலிக்கான் பசையை இழுத்து, வேலையை முடித்துவிட்டுப் பேனல்காரர் கதவைத் திறந்து காட்டினார்.

மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டு, அறையே உள்ளிருந்து ஒளிர்ந்தது. பழைய வாளி அங்கே இருக்கக் கூச்சப்படுவது போலிருந்தது. மனைவிக்குக் கண் கலங்கியது. "இவ்ளோ அழகான இடம் நம்ம வீட்டுல இருக்குங்க," என்றாள்.

அவ்வளவுதான், வம்பு ஆரம்பித்தது.

பல்பொடி டப்பா வெளியேறியது. துண்டு மாட்டும் கொக்கியை ஒட்டினால் வழுக்கி விழுந்தது. ஆணி அடிக்கலாமா என்று மாஸ்டர் கேட்டதற்கு, அவள் பார்த்த பார்வையில் சுத்தியல் தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது. சோப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. வந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

முதல் நாள் மாஸ்டர் குளித்துவிட்டு வெளியே வந்ததும், மனைவி துணியோடு உள்ளே ஓடினாள்.

"பாருங்க, சுவர் பூரா தண்ணி."

"தண்ணி புகாத சுவர்டி அது."

"புகாது. ஆனா பட்டிருக்கே."

மறுநாளிலிருந்து அங்கே குளிக்கத் தடை.

"தண்ணி புகாது, அழுக்கு புகாது, பூச்சி புகாதுன்னீங்க," என்றாள் மகள். "நாம புகலாமா அப்பா?"

"ஸ்கூலுக்குப் போகலாம்," என்றார் மாஸ்டர்.

மறுபடியும் அவர் குழாயடி, அவர்கள் அக்கா வீடு. சுவர் சாமி மாதிரி தனியாக ஜொலித்துக்கொண்டிருந்தது. கீழே சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. அதிகமாயிற்று. தொட்டிகள் சேர்ந்து சேர்ந்து, வாசலில் செருப்பு விட இடமில்லாமல் போயிற்று.

மாஸ்டருக்கு இப்போது பயமாக இருந்தது. பயத்தைவிட வியப்பு. தண்ணீரே ஊற்றாத அறை. தண்ணீரே புகாத சுவர். அதற்குள்ளிருந்து தண்ணீர் புறப்பட்டு, வேறு எங்கும் போகாமல், ஒரு அம்மாளின் தலையைக் குறிபார்த்து இறங்குகிறது. பேனல்காரரைக் கூப்பிட்டார். அவர் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். இன்னொரு வரிசை சிலிக்கான் வைத்தார். மறுநாளும் சொட்டியது என்று கேள்விப்பட்டதும் வந்து, சுவருக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்கு நாம வழி சொல்ல முடியாது சார்," என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

"ஒருவேளை கீழ் வீட்டு மோட்டார்லேர்ந்து கசியுதோ?" என்றாள் மனைவி. "கொஞ்ச நாளா ராத்திரியானா கீழ ஹால் பக்கம் மோட்டார் ஓடற சத்தம் கேக்குதே."

"விடியற வரைக்கும் ஓடுது," என்றாள் மகள்.

அதைக் கேட்டுவிடலாம் என்று மாஸ்டர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், வீட்டுக்காரம்மாவே படியேறி வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஸ்பிரேயரும் கையுமாக ஐயா.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். அந்தப் பாத்ரூமைத் திறங்க."

மனைவி சுவரோடு சாய்ந்தாள். அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. மாஸ்டர் கதவைத் திறந்தார். பிரேக்கை அழுத்தி அழுத்தி அவர் கால் மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்காரம்மா உள்ளே ஒரு அடி வைத்தாள். அடுத்த அடி வரவில்லை. சுவரைப் பார்த்தாள். சுவருக்குள் மங்கலாகத் தெரிந்த தன்னைப் பார்த்தாள். காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவள் பேசாமல் நின்றதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

"இதுவா சொட்டுது?" என்றாள் கடைசியில், மெதுவாக.

"ஆன்ட்டி, நாங்க இங்க குளிக்கறதே இல்ல," என்றாள் மகள். "சுவர் காயப்போட்டதுலேர்ந்தே அம்மா விடல. அப்பா மட்டும் ஒரே ஒரு நாள் குளிச்சாரு."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். குடும்ப மானம் போயிற்று. வீடாவது மிஞ்சுமா என்று காத்திருந்தார்.

"குளிக்கறதே இல்லையா?" வீட்டுக்காரம்மா சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். துளி ஈரமில்லை. "அப்போ தண்ணி இங்கேர்ந்து வரல. உங்களைப் போய் திட்டிட்டேனே மாஸ்டர், மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம்."

மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஆனா எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம நான் விட மாட்டேன்," என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள் அந்த அம்மாள். "இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து என் கட்டில்லதான் படுக்கப் போறேன். நனைஞ்சா நனையட்டும். இனிமே ஹாலுக்குப் போறதா இல்ல."

அவளுடைய குரல் கீழே போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரய்யா மட்டும் போகவில்லை. சுவருக்கு அருகில் வந்து உள்ளங்கையை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு, தெருவில் யாரும் கேட்டிராத குரலில், மாஸ்டரிடம் திரும்பிப் பேசினார்.

"தினமும் நாற்காலி போட்டு ஏறி, சீலிங்குக்குத் தண்ணி அடிச்சு கை ரெண்டும் விட்டுப்போச்சு தம்பி, குறட்டை புகாத பேனல் அந்தக் கடையில கிடைக்குமா?"