நிபுணரின் கன்னத்தில் கோடு

பனர் அடிக்கும் மெசினிலிருந்து சிவகரனின் முகம் மேலிருந்து கீழாக வெளியே வந்துகொண்டிருந்தது. நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. விபூதிக்குறி வடிவாக விழுந்திருக்கிறது என்று அவர் திருப்திப்பட்டார். மூக்குக்குக் குறுக்காக அடுத்த மூன்று கோடுகள் வந்தபோது திருப்தி கொஞ்சம் குறைந்தது. கன்னத்திலும் மூன்று வந்ததும் அது முற்றாகவே போய்விட்டது.

"அண்ணை, கோடு விழுது," என்றாள் கடையில் மெசின் ஓட்டும் ஜெயகௌரி.

"எனக்கும் கண் இருக்குப் பிள்ளை. ஹெட் அடைச்சுப்போச்சு."

மை தெளிக்கும் அந்தத் தலையில் மயிரிழையை விடச் சிறிய துவாரங்கள் இருக்கும். மை காய்ந்தால் அடைபடும். அடைபட்ட இடம் வெள்ளைக் கோடாக விழும். எந்தக் கடையிலும் நடக்கிற சங்கதிதான். ஆனால், மருதனார்மடம் சந்தியில் 'சிவகரன் டிஜிற்றல்ஸ்' நடத்துகிறவர் எந்தக் கடைக்காரரையும் போன்றவரல்லர். மறுநாள் காலை அச்சகக்காரர் சங்கக் கருத்தரங்கில் 'அச்சுத்தலை அடைப்பு: தடுப்பும் தீர்வும்' என்று பேசப்போகிற நிபுணர். பேச்சு முடிந்த கையோடு சங்கத்துக்குப் புதிய தலைவரைத் தெரிவுசெய்வார்கள். போட்டியில் அவரும் குருநகரில் அச்சகம் நடத்தும் பிலிப்புவும் மட்டுமே. அந்த மேடையில் கட்டவேண்டிய பத்தடிப் பனர்தான் இப்போது கோடும் குறியுமாக வந்துகொண்டிருந்தது.

பனரில் இருந்த படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய சிவகரனின் தலையில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. சில வருடங்களுக்கு முன் சமாதான நீதவானானபோது எடுத்த படத்தில் நிறையவே இருந்தது. அந்தப் படத்தோடு, நீதவானை வாழ்த்தி 'அன்பு நண்பர்கள்' சந்தியில் பெரிய பனர் ஒன்று கட்டியிருந்தார்கள். அதை அடித்தவர், வாசகம் எழுதியவர், கட்டும்போது ஏணி பிடித்தவர் எல்லோரும் சிவகரனே. பிறகு பழைய கணினி செத்தபோது படமும் கூடவே போய்விட்டது. "எங்கையாவது தேடி அனுப்பு, அந்தப் படம்தான் வேணும்," என்று மனைவி உதயகலாவிடம் சொன்னார். அவளும் எங்கேயோ தேடி வாட்சப்பில் அனுப்பிவிட்டாள். அந்தச் சின்னப் படத்தில் தலைமயிரைக் கண்ட பூரிப்பில் அவர் அதை அப்படியே பனரில் ஏற்றினார்.

"ஒரு நொசில் செக் அடிச்சுப் பாப்பமே அண்ணை?" என்றாள் ஜெயகௌரி. எந்தத் துவாரம் மை விடுகிறது, எது விடவில்லை என்று காட்டும் சின்னச் சோதனைத் தாள் அது.

"உதெல்லாம் பழகிற ஆக்களுக்குப் பிள்ளை. நல்ல டொக்டர் ஆளைப் பாத்த உடனை வருத்தத்தைச் சொல்லுவார். இரத்தம் எடுத்துப் பாக்கிறது மற்றவை."

"இல்லை அண்ணை, எழுத்திலை ஒரு கோடும் இல்லை. முகத்திலை மட்டும்தான்."

சிவகரன் இரக்கத்தோடு சிரித்தார்.

"எழுத்துக்கு ஒரு நிறம் காணும். முகத்துக்கு? நாலு நிறமும் ஓடவேணும். ஆர் கூட வேலை செய்யினமோ அவைக்குத்தான் வருத்தம் வரும். விளங்குதே?"

ஜெயகௌரிக்கு விளங்கவில்லை. ஆனால், இந்த வசனத்தை நாளைய பேச்சில் சேர்க்கவேண்டும் என்று சிவகரனுக்கு விளங்கியது.

முதலில் 'கிளீனிங்' பொத்தானை அமத்தினார். மெசின் முனகிக்கொண்டு மையைக் குடித்து, கழிவுப் போத்தலில் துப்பியது. மறுபடி அமத்தினார். போத்தல் நிரம்பியது. மறுபடி முகத்தை அடித்துப் பார்த்தார். கோடுகள் அதே நெற்றியில், அதே மூக்கில், அதே கன்னத்தில்.

"ஒரு நூல்கூட அரக்கேல்லை அண்ணை."

"பிடிவாதமான அடைப்பு. உதுக்கு வேறை வைத்தியம் இருக்கு."

வைத்தியம் என்பது ஊசிமருந்து ஏற்றும் சிரிஞ்ச். கழுவும் திரவத்தை அதில் இழுத்து, தலையின் வாயில் வைத்துப் பெருவிரலால் ஓங்கி அமத்தினார். உள்ளே எங்கேயோ 'டிக்' என்றது.

"கேட்டியே? அடைப்பு விட்டிட்டுது!"

விட்டது அடைப்பல்ல. அடுத்த தடவை கோடுகள் அப்படியே இருந்தன, நீலம் மட்டும் வரவில்லை. நிபுணரின் முகம் நல்லாய்ப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம்போல வெளியே வந்தது.

பக்கத்தில் மரக்கறி விற்கும் நல்லம்மா, சில்லறை மாற்ற வந்தவள், அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்ன தம்பி, முகமெல்லாம் மஞ்சளாய்க் கிடக்கு, செங்கமாரியே? கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடியுங்கோ. அதோடை உதென்ன, நெத்தி காணாதெண்டு கன்னத்திலையும் திருநீறு?"

"அக்கா, இது தொழில்நுட்பம். உங்களுக்கு விளங்காது."

"ஓம் தம்பி. திருநீறுதான் எனக்கு விளங்கும்."

சிவகரனுக்கு ரோசம் வந்துவிட்டது. தலையையே கழற்றிக்கொண்டு முன்னால் இருந்த நகைக்கடைக்கு நடந்தார். அங்கே சங்கிலி, தோடுகளைப் போட்டுக் குலுக்கி அழுக்கெடுக்கும் அதிர்வுத் தொட்டி ஒன்று இருந்தது.

"கொஞ்ச நேரம் போட்டால் காணும் அண்ணை," என்றார் நகைக்கடைக்காரர்.

"தங்கத்துக்குக் காணும். இது தங்கத்தை விடப் பெறுமதி. நல்லாய்க் கிடக்கட்டும்."

அது கிடந்த நேரத்தில் வீட்டிலிருந்து உதயகலாவின் அழைப்பு வந்தது.

"நாளைக்குப் போடுற சேட்டை மினுக்கி வைச்சிட்டன். எப்ப வாறியள்?"

"பொறு, பனர் சரிவரேல்லை."

"ஏன், நான் அனுப்பின படம் சரியில்லையே?"

"படம் அந்த மாதிரி! மெசின்தான் வருத்தம் காட்டுது."

"நான் பயந்துபோனன். சரி, உந்தச் சேவல் குசினிக்குள்ளை பூந்து சட்டிபானையை உருட்டுது, வைக்கிறன்."

குளித்து முடித்த தலையைத் திரும்பப் பூட்டினார்கள். மெசின் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. உற்சாகமாகத்தான் ஓடியது. பத்தடி நீளத்துக்குத் துணி பால்போல வெளியே வந்தது.

ஜெயகௌரி குனிந்து பார்த்தாள்.

"இப்ப ஒரு கோடும் இல்லை அண்ணை."

சிவகரன் கதிரையில் இருந்தார். நாளைக்குப் பனர் இல்லாமல் மேடையேறினால் ஏனென்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் தலைவர் பதவி பிலிப்புவுக்கு. தண்ணீர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, அந்தப் பிலிப்புவுக்கே போன் எடுத்தார்.

"பிலிப்பு, எனக்கிஞ்சை வேலை தலைக்கு மேலை கிடக்கு. நாளையான் பனரை உம்மட்டைத் தாறன். உமக்கும் ஒரு உதவியாய் இருக்கும்."

"அதுக்கென்ன அண்ணை, அனுப்புங்கோ. ஏன், ஹெட் ஏதும் அடைச்சுப்போச்சோ?"

"என்ரை கடையிலையோ?"

"இல்லை அண்ணை, சும்மா கேட்டனான்."

மறுநாள் காலை மண்டபத்துக்குள் நுழைந்த சிவகரன் மேடையைப் பார்த்தார். பிலிப்பு தானே வந்து கட்டிய பனர் பளபளத்தது. நெற்றியில் மூன்று கோடு. மூக்கில் மூன்று. கன்னத்தில் மூன்று.

தன் முகத்தில் கோடு விழுந்ததைக் கண்டு அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதன் வலிகாமம் பகுதி முழுவதிலும் அதற்கு முன் இருந்திருக்கமாட்டான். பிலிப்புவின் ஹெட்டும் அடைப்பு! ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலை என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டார்.

ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பர்களே! முதலாவது விதி: எதையும் தொடுவதற்கு முன்னம் நொசில் செக். அதைச் செய்யாதவன் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்திரசிகிச்சை செய்யிறவனுக்குச் சமம்."

கடைசி வரிசையில் ஜெயகௌரிக்கு இருமல் வந்தது.

"செய்யாவிட்டால் என்ன நடக்கும்? தூரத்துக்குப் போகவேண்டாம். எனக்குப் பின்னாலை பாருங்கோ. என்ன கோடு இது? ஹெட் அடைப்பு! குருநகரிலை அடிச்ச பனர். என்ரை முகமெண்டபடியால் நான் மன்னிக்கிறன். உங்கடை முகமாய் இருந்தால்? இப்படிப்பட்ட ஒருவரிடம் எங்கடை சங்கத்தைக் குடுக்கலாமோ?"

மண்டபம் திரும்பிப் பிலிப்புவைப் பார்த்தது. பிலிப்பு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்துப் பிடித்தார். அறுபடாத சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லா நிறத்திலும்.

"அண்ணை, இது பனர் அடிக்க முதல் எடுத்த நொசில் செக். ஒரு துவாரமும் அடைப்பில்லை. கோட்டைக் கண்டு பயந்து, அடிச்ச பிறகும் ஒருக்கால் எடுத்தனான். ஹெட் சுத்தம். கோடு எங்கையிருந்து வந்ததெண்டு சத்தியமாய் எனக்குத் தெரியாது."

"தாளை எவரும் அடிக்கலாம்! என்ரை மெசினிலை அடிச்சிருந்தால் உந்தக் கோடு வந்திருக்குமோ?"

ஜெயகௌரியின் இருமல் கூடியது. பிலிப்பு தாளை மடித்தார், மறுபடி விரித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

முன்வரிசையில், கணவனுக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த உதயகலாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாளைப் பேசாதேங்கோப்பா! உந்தப் படம், எங்கடை கோழிக்கூட்டுக்கு மேலை விரிச்சுக் கிடக்கிற உங்கடை நீதவான் பனரைத்தான் நான் போனிலை எடுத்து அனுப்பினது. உது அடைப்பில்லை, சேவல் கீறினது."